ஓங்கிலுக்காக ஒரு கையெழுத்து

1987ஆம் ஆண்டுக் கோடையில் உலகத்துத் திமிங்கிலங்களையெல்லாம் நான்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் இரண்டு மணிவரை டோனட் கடையில் வேலை. இரண்டு மணிக்குப் பிறகு திமிங்கிலம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நெஞ்சின் குறுக்கே ஒரு நீலத் திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு நீந்தும் ரீசேட்டை வாரத்தில் ஐந்து நாள் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"குமர்ப்பிள்ளை நெஞ்சில மீனைக் கீறிக்கொண்டு திரியிறாள், ஆக்கள் பாத்தால் என்ன சொல்லுவினம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அது மீன் இல்லை அம்மா. பால் குடுக்கிற சாதி."

"ஐயோ, அது இன்னும் வெட்கக்கேடு!"

நாங்கள் கொழும்பிலிருந்து 83ஆம் ஆண்டுக் கடைசியில் வந்தவர்கள். அப்பா, அம்மா, நான். ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம் ஒரு வாடகை வீடு. அப்பா கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் இங்கிலீசுக் கடிதம் எழுதுவதில் புலி. இங்கே ஒரு கட்டடத்துக்கு இரவுக் காவல். பகலில் அவர் நித்திரை கொள்ள, நாங்கள் பூனைகளாக நடந்து பழகியிருந்தோம். கீழே பேஸ்மன்றில் திருகோணமலைக்காரர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். முப்பது வயதிருக்கும். ஊரில் கடற்றொழில், இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவது. அம்மாவை அன்ரி என்பார், என்னைத் தங்கச்சி என்பார். நாங்கள் அவரைத் திருமலை அண்ணை என்போம்.

திமிங்கிலம் என் வாழ்க்கையில் நுழைந்தது டோனட் கடை வாசலால்தான். தினமும் காலையில் ஒரு பெண் வந்து பால் விடாத கோப்பி வாங்குவார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட நூலகம் ஒன்றில் வேலை. காசு தரும்போது கூடவே ஒரு துண்டுப்பிரசுரமும் தருவார். திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் காப்பாற்றுகிற சிறு குழுவொன்றுக்கு அவர்தான் தலைவி. நாடுகளெல்லாம் கூடி, வியாபாரத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதை நிறுத்துவதென்று முடிவெடுத்து, அது முந்தின வருடம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. வந்தும் என்ன? சில நாடுகள் ஆராய்ச்சி என்று பெயர் சொல்லித் தொடர்ந்து கொன்றன. ஆராய்ச்சி முடிந்த இறைச்சி சந்தைக்குப் போனது. வேறு சில கரைகளில் டொல்பின்களைக் கூட்டமாக விரட்டிவந்து வெட்டினார்கள். இதையெல்லாம் தலைவி கோப்பி ஆறும்வரை நின்று சொல்வார்.

ஒருநாள் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கைத் தமிழ் என்றேன்.

"அப்படியென்றால் நீ கடலால் வந்தாயா?" என்று கண்ணை விரித்தார். முந்தின கோடையில்தான் எங்கள் ஆட்களை நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுத்திருந்தார்கள்; பத்திரிகை முழுக்க அதே கதையாக இருந்தது.

"இல்லை, விமானத்தில். யன்னல்பக்கம்."

அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. உடனே, "ஆனால் சின்ன வயதில் எங்கள் கடலில் திமிங்கிலமும் டொல்பினும் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றேன்.

அண்டப்புளுகு. எனக்குத் தெரிந்த கடல் வெள்ளவத்தை ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் தெரிகிற கடல். அதில் நான் கண்ட ஆகப் பெரிய உயிர், குளித்துக்கொண்டிருந்த என் கணக்கு வாத்தியார்.

ஏன் புளுகினேன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். நாலு வருடத்தில் அந்த நகரத்தில் ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. "சீனி வேணுமா" என்று நான்தான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக ஒருவர் கோப்பியை வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை இழக்க எனக்கு மனமில்லை.

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமைகளில் தலைவி வீட்டில் கூடுவோம். நான் போனதும் கதிரையொன்று இழுத்துப் போடுவார்கள். "நம்மில் திமிங்கிலத்தை நேரே கண்டவள் இவள் ஒருத்திதான்" என்று தலைவி புதிதாக வருபவர்களுக்கு என்னைக் காட்டுவார். அந்தக் கதிரைக்காக நான் இன்னும் பத்துத் திமிங்கிலம் பார்த்திருப்பேன்.

கையெழுத்து வாங்குவது எங்கள் முக்கிய வேலை. தமிழ் வீடுகளை எனக்கென்று ஒதுக்கினார்கள். ஸ்காபரோவில் பஸ் ஏறி இறங்கி, கதவு கதவாகத் தட்டினேன். எங்கள் ஆட்கள் கதவைத் திறந்தவுடன் உள்ளே இருத்தித் தேத்தண்ணி தருவார்கள். பேனையை நீட்டினால் மட்டும் கை பின்னுக்குப் போய்விடும்.

"பிள்ளை, உதில கையெழுத்து வைச்சால் என்ர அகதிக் கேஸுக்கு ஏதும் வில்லங்கம் வருமே?" என்று ஒரு அங்கிள் கேட்டார்.

"வராது அங்கிள்."

"அப்ப நன்மை ஏதும் வருமே?"

"அதுவும் வராது."

"பிறகேன் பிள்ளை?"

இன்னொரு வீட்டில் ஒரு அன்ரி தாளை முழுக்க வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எங்கட சனம் சாகேக்குள்ள ஆரும் இப்பிடி வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினவையே?" என்றார். கோபமாகக் கூட இல்லை, சும்மா கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்பதால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் சுட்ட வடையைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அன்றைய கணக்கு: பதினொரு தேத்தண்ணி, ஒன்பது வடை, இரண்டு கையெழுத்து. அதில் ஒன்று அப்பாவுடையது, அதுவும் அரை நித்திரையில்.

திருமலை அண்ணையும் கையெழுத்து வைக்கவில்லை. "கோவிக்காதேங்கோ தங்கச்சி. என்ர அகதி விசாரணை முடிவு வரட்டும்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

ஆவணி மாதத்தில், திமிங்கிலம் பிடிக்கிற நாடொன்றின் காரியாலயத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஆர்ப்பாட்டம் வைப்பதென்று முடிவாயிற்று. அதில் நான் பேசவேண்டும். அதற்கென்று அச்சடிக்கும் பிரசுரத்தில் எங்கள் மக்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டுமென்று தலைவி கேட்டார். "உங்கள் மக்கள் டொல்பினை எப்படிப் பார்க்கிறார்கள்?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் டொல்பினுக்குத் தமிழில் என்ன என்று கேட்டேன். ஓங்கில் என்றார். அப்பாவை எழுப்பினேன்.

"அப்பா, நாங்கள் ஓங்கில் சாப்பிடுறேல்லைத்தானே?"

"நான் சாப்பிடேல்லை" என்றார் அப்பா.

அது போதும். அப்பா எழும்பி, கண்ணாடியைப் போட்டு, நல்லதொரு இங்கிலீசு வசனம் எழுதித் தந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இலங்கைத் தமிழரிடையே ஓங்கில் புனிதமானது, பட்டினி கிடந்தாலும் ஒரு தமிழன் அதைத் தொடமாட்டான்.' அப்பா ஒருவர் சாப்பிடாததிலிருந்து ஒரு இனமே சாப்பிடாதது வரைக்கும் எங்களுக்கு ஒரு வரித் தூரம்தான். தலைவி அதை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மஞ்சள் தாளில் முந்நூறு பிரதி அடித்தார்கள்.

இந்த இடத்தில் கருவாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கோடை தொடக்கத்தில் திருமலை அண்ணைக்கு ஊரிலிருந்து யாரோ ஒருவர் கையில் ஒரு பொதி வந்தது. அவருடைய தாயார் அனுப்பியது. பத்திரிகைத் தாள், அதற்குமேல் பிளாஸ்டிக், அதற்குமேல் உடுத்துப் பழசான ஒரு சாரம். உள்ளே கருகருவென்று துண்டு துண்டாகக் கருவாடு. அரைவாசியை அப்படியே அம்மாவிடம் தந்தார். "அன்ரி, அம்மா காயவைச்சு அனுப்பினவ" என்றாரே தவிர, என்ன கருவாடு என்று சொல்லவில்லை. நிறத்தைப் பார்த்து, சுறா என்று அம்மா தானாகவே முடிவு கட்டினார்.

"என்ன கருவாடெண்டு கேளுங்கோவன்" என்றேன்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே? ஊரிலயிருந்து வந்ததைத் தந்திருக்குது பெடியன். கேட்டால் குறை பிடிக்கிறமாதிரி இருக்கும்."

அம்மா அதைக் கத்தரிக்காயோடு சேர்த்துத் தேங்காய்ப்பாலில் குழம்பு வைத்தார். சமைக்கிற அன்றைக்கெல்லாம் வீட்டு யன்னல் அத்தனையும் திறந்திருக்கும். புகைக்கு அலறுகிற மணிக்குக் கீழே கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறுவது என் பொறுப்பு. பக்கத்து வீட்டு நாய் மட்டும் வேலியோரம் வந்து மரியாதையாக உட்கார்ந்திருக்கும். ஐந்து கிழமை, வாரத்துக்கு இரண்டு தரம், புட்டோடும் சோற்றோடும் நான் அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டேன். விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டேன்.

ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு கிழமை முன்னர், என் பேச்சைப் பயிற்சி பார்ப்பதற்குத் தலைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னேரம் ஐந்து மணி. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது அம்மாவின் அகராதியில் கொலைக்கு அடுத்த குற்றம்.

"உவ என்ன சாப்பிடுவா?" என்று குசினிக்குள் இழுத்துக் கேட்டார்.

"கால் உள்ளது ஒண்டும் சாப்பிடமாட்டா. கொள்கை."

"அப்ப கருவாடு நல்லது. அதுக்கு ஏது கால்?"

தலைவி கையாலேயே சாப்பிட்டார். மூக்கால் ஓட, கண்ணால் ஓட, நிறுத்தவேயில்லை. இவ்வளவு ருசியான மீனைத் தன் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றார். சோற்றுக் கோப்பையை நீட்டி இரண்டாம் முறையும் கேட்டார். அம்மாவுக்குக் கண் பனித்துவிட்டது. நாலு வருடத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்ட முதல் வெள்ளைக்காரி, அதுவும் இரண்டாம் முறை கேட்டவர்!

அந்த நேரம் பார்த்துத் திருமலை அண்ணை பேஸ்மன்ற் படியால் ஏறி வந்தார்.

"தம்பி, உங்கட கருவாடுதான். அவவுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு" என்றார் அம்மா.

அண்ணையின் முகம் மலர்ந்தது. "பிடிக்காமல்? ஓங்கில் எல்லே!"

எனக்குக் காது அடைத்தது. "என்ன அண்ணை சொல்லுறியள்?"

"ஓங்கில், தங்கச்சி." எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, உதவியாக, உரத்து, இங்கிலீசிலும் சொன்னார். "டொல்பின்!"

தலைவி துள்ளி எழுந்தார். "டொல்பின்! இவரும் நம்மவரா?" என்று, குழம்பு ஒட்டிய கையோடு அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணைக்குத் தெரிந்த இங்கிலீசு கொஞ்சம். அதையெல்லாம் திரட்டி, "யெஸ், யெஸ். டொல்பின். வெரி குட்" என்றார். "வெரி குட்!" என்றார் தலைவியும். இரண்டு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டே நின்றார்கள்.

அவர் டொல்பின்களை நேரே கண்டிருக்கிறாரா என்று கேட்கச் சொன்னார் தலைவி. கேட்டேன்.

"கண்டதோ? எத்தினையைப் பிடிச்சு வெட்டின கை தங்கச்சி இது!"

தலைவி என்னைப் பார்த்தார். "அவருடைய கைகளுக்கு டொல்பின்களை மிக நன்றாகத் தெரியுமாம்" என்றேன்.

தலைவியின் கண் கலங்கியது. சனிக்கிழமை இந்த மனிதர் கட்டாயம் பேசவேண்டும் என்றார். கடலில் உழைத்தவரின் சாட்சி, அதைவிடப் பெரிது என்ன இருக்கிறது? அவர் தமிழில் பேச, நான் மொழிபெயர்க்கலாம். போகும்போது அம்மாவிடம் குழம்பு வைக்கிற முறையை எழுதித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் வீடு இரண்டுபட்டது. நான் குளியலறைக்குள் ஓடி வாய் கொப்பளித்தேன். ஐந்து கிழமைச் சாப்பாடு கொப்பளித்தால் போகுமா? அம்மா குசினி நிலத்தில் இருந்துவிட்டார். சுறா என்றுதான் நினைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "சாப்பிட்ட மனிசிக்கு அதைச் சொல்லிக்காட்டாதை. சோறு போட்டுட்டுக் குத்திக்காட்டுற குடும்பம் இல்லை இது" என்று எனக்குக் கட்டளை போட்டார். திருமலை அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரசுரத்தின் வரியைத் தமிழில் சொன்னேன். மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தொடமாட்டமோ? தங்கச்சி, எங்கட பக்கம் வந்து பாத்தனீங்களே?"

"அண்ணை, சனிக்கிழமை நீங்கள் டொல்பின் வடிவெண்டு மட்டும் சொன்னால் காணும்."

"வடிவுதான். ஆனா அதைச் சொல்லவே என்னைக் கூப்பிட்டவ? கடலுக்குப் போனவன் எண்டெல்லே கூப்பிட்டவ."

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணைக்கு இங்கிலீசு தெரியாது. தலைவிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் ஒருத்திதான். அவர் எதைச் சொன்னாலும் நான் வேறொன்றைச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? என் கதிரை எனக்கு மிஞ்சும். பேச்சையும் எழுதி வைத்தேன்: கடலின் குழந்தைகள், நீல அலைகள், கண்ணீர். நன்றாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை திருமலை அண்ணை தன் ஒரே வெள்ளைச் சேட்டைக் கழுவி, இஸ்திரிக்கை கேட்டு மேலே வந்தார். சேட்டை அழுத்திக்கொண்டே சொன்னார்.

"என்னை விசாரிச்ச அண்டைக்கு, தங்கச்சி, எனக்கு நடந்ததை எல்லாம் சொன்னனான். ஆமி என்னைக் கொண்டுபோய் அடிச்சது, வள்ளத்தை எரிச்சது, எல்லாம். சொல்லிமுடிக்க நல்ல நேரம் எடுத்தது. மொழிபெயர்க்க வந்த ஆள் ஒரு வரியில சொல்லி முடிச்சிட்டார். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஓம். ஆனா நீளம் கட்டை தெரியாதே? நான் இவ்வளவு சொன்னன், அவர் இவ்வளவு சொன்னார்." கையை அகல விரித்து, பிறகு இரண்டு விரல் இடைவெளி காட்டினார். "அண்டைக்குப் பிறகு ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. இப்ப உந்த மனிசிதான் கேட்டிருக்கிறா. நீங்கள் நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவியள்தானே?"

"ஓம் அண்ணை" என்றேன். அறைக்குப் போய், எழுதி வைத்திருந்த நீல அலைகளைக் கிழித்துப் போட்டேன். எனக்கு அன்றைக்குச் சரியான பயமாக இருந்தது. என் கதிரை போய்விடும் என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை பகல் முப்பது பேர் வரையில் நடைபாதையில் நின்றோம். காற்றடைத்த திமிங்கிலம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அதில் எங்கோ ஒரு துளை. அப்பா இரவு வேலை முடிந்து, நித்திரையும் கொள்ளாமல் காவல் உடுப்போடேயே வந்து, காலால் அமத்துகிற பம்பைப் பொறுப்பெடுத்துவிட்டார். எங்களைத் துரத்துவதற்குக் காவலாளி வந்து நிற்கிறார் என்று வழிப்போக்கர்கள் நினைத்தார்கள். மஞ்சள் பிரசுரம் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது.

தலைவி ஒலிபெருக்கியில், கடலிலிருந்து வந்த சாட்சி என்று திருமலை அண்ணையை அறிமுகப்படுத்தினார். வெள்ளைச் சேட்டோடு அண்ணை முன்னால் வந்து நின்றார்.

"நான் ஓங்கில் பிடிச்சவன்" என்று தொடங்கினார்.

சொன்னேன். தலைவியின் புன்னகை அப்படியே நின்றது.

"முதல்ல வலையில சிக்கிச் செத்ததைத்தான் எடுத்தம். எறிய மனம் வரேல்லை. பிறகு சனம் ருசி கண்டிட்டுது. பிறகு மண்டா எடுத்துக்கொண்டு அதுக்கெண்டே போனம். மண்டா எண்டால் எறியிற ஈட்டி. சந்தையில ஆரும் கேட்டால் வலையில தானாச் செத்தது எண்டு சொல்லுவம். உவையள் ஆராய்ச்சி எண்டு சொல்லுறமாதிரி."

அதையும் சொன்னேன். யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.

"ஓங்கில் எங்களுக்குப் பயப்பிடாது. வள்ளத்தோட சேந்து ஓடிவரும், விளையாட. அதாலதான் அதைக் குத்துறது லேசு."

அந்த 'லேசு' வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். அண்ணை பொறுமையாகக் காத்திருந்தார். அந்தச் சொல்லையும் சொன்னேன்.

"ஒருக்கா ஒண்டைக் குத்தி ஏத்தினம். அதோட வந்த மற்றது கரை மட்டும் எங்களுக்குப் பின்னால வந்தது. அண்டைக்கும் நான் வித்தனான். சந்தோசமாத்தான் வித்தனான். இப்ப இஞ்ச பெட்டி அடுக்கேக்குள்ள அதுதான் நினைப்பு வருது. நான் குத்தினது இல்லை, பின்னால வந்தது. அதை நிப்பாட்ட வேணும் எண்டால் நிப்பாட்டுங்கோ. ஆனா ஆமி மறிக்காமல் எங்களைக் கடலுக்கு விட்டு, வயித்துக்கு வேற வழியும் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ." கொஞ்சம் நிறுத்தி, தலைவியை முகவாயால் காட்டினார். "அம்மா அனுப்பினது மிச்சம் கிடக்குது. உந்த மனிசியும் போன கிழமை சாப்பிட்டவ. நல்ல ருசியெண்டு சொன்னவ."

சந்தோசமாக வித்தது, பின்னால் வந்தது, வயிற்றுக்கு வழி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி மூன்று வசனத்தையும் விட்டுவிட்டு நிறுத்தினேன். கூட்டம் கைதட்டப் போனது.

அண்ணை என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "தங்கச்சி, நான் சொன்னது நீளம். நீங்கள் சொன்னது கட்டை" என்றார்.

ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மிச்சத்தையும் சொன்னேன். எங்கள் வீட்டுக் குழம்பு டொல்பின் என்றேன். நானும் ஐந்து கிழமை சாப்பிட்டேன் என்றேன். திமிங்கிலத்தை நான் வாழ்நாளில் கண்டதேயில்லை என்றேன். மஞ்சள் தாளில் இருக்கிற வரி பொய் என்றேன். அப்பா பம்பை நிறுத்திவிட்டார். திமிங்கிலம் சீறிக்கொண்டு மெல்லப் படுத்தது.

தலைவி அண்ணையிடம் வந்து கையைப் பிடித்தார். என்னைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் கோப்பிக்கு வரவில்லை. மூன்று வியாழக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். என் கதிரையில் யார் இருக்கிறார்களோ என்று நினைத்து, ஒருநாள் டோனட் கடைக் குளிரறைக்குள் நின்று அழுதேன். ரீசேட்டை அம்மா நிலம் துடைக்க எடுத்துவிட்டார். மிச்சக் கருவாட்டைத் திருமலை அண்ணை தானே ஒரு பையில் கட்டி வெளியே குப்பைக்குக் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து வீட்டு நாய் அன்று பின்னேரம் முழுக்க எங்கள் வாசலை விட்டு அசையவில்லை.

நாலாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டிக் கேட்டது. தலைவி. கையில் மிஞ்சிய மஞ்சள் பிரசுரக் கட்டும், ஒரு பெட்டி கறுப்புப் பேனையும்.

"டொல்பினுக்காக உன்னில் எனக்குக் கோபமில்லை. அது உனக்கும் தெரியாது" என்றார். "அவருடைய கைகளுக்கு நன்றாகத் தெரியுமாம் என்று சொன்னாயே, அதற்குத்தான் கோபம். அந்த நேரம் உனக்குத் தெரியும். நான் அதற்கு அழுதேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பேனையொன்றை என் கையில் தந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியாக அந்த வரியைப் பேனையால் வெட்டினோம். அப்பா நித்திரைப் பாயிலிருந்து எழுந்துவந்து, தன் ஆகச் சிறந்த வசனம் கறுப்பு மையில் மறைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனம் தேறி, பதிலுக்கு ஒன்று எழுதித் தந்தார்: 'தமிழரில் சிலர் ஓங்கில் பிடிப்பதுண்டு, சிலர் உண்பதுண்டு, இதை உங்களிடம் தருபவரும் உண்டிருக்கிறார்.' அதை ஓரத்தில் கையால் எழுதினோம். திருமலை அண்ணை படியில் உட்கார்ந்து, எழுதிய தாள்களை அடுக்கித் தந்தார்.

அம்மா கோப்பையில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து தலைவியின் முன்னால் வைத்தார். தலைவி கோப்பையைப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "இது என்ன?"

அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொல்லத் தொடங்கினார், சொல்லிக்கொண்டே போனார்.

"கத்தரிக்காய்" என்றேன் தலைவியிடம்.

படியிலிருந்து திருமலை அண்ணை தலையைத் தூக்கினார். "தங்கச்சி, அன்ரி சொன்னது அவ்வளவு கட்டை இல்லை."

பேனையை வைத்துவிட்டு, அம்மா சொன்னதை முதலிலிருந்து அப்படியே சொன்னேன்.

"இது கத்தரிக்காய் என்கிறார். தானே கடைக்குப் போய்த் தெரிந்து வாங்கியதாம். கண் இல்லை, காது இல்லை, ஒன்றுக்கும் பின்னால் வராதாம். அன்றைக்கு என்ன கருவாடு என்று கேட்காமல் உங்களுக்குப் போட்டது தன் பிழையாம். அன்றையிலிருந்து தனக்குச் சோறு இறங்கவில்லையாம். நீங்கள் சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவாராம்."

தலைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் வாயை மெல்ல மென்றார். கோப்பை வெறுமையானதும் அதை அம்மாவிடம் நீட்டி, இரண்டாம் முறையும் கேட்டார்.